சதீஷ் தவன்: தோல்விக்குத் தாம் பொறுப்பேற்று, வெற்றியைக் குழுவுக்கு அளித்த இஸ்ரோ தலைவர்

பெங்களூரு: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் ஒவ்வொரு முறையும் செய்திகளில் இடம்பெறும் பெயர், சதீஷ் தவன் விண்வெளி மையம். அப்பெயருக்குரியவர், இயந்திரப் பொறியியல் பட்டதாரியாகப் பணி வாழ்வைத் தொடங்கி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தை (இஸ்ரோ) 12 ஆண்டுகள் வழிநடத்திய பேராசிரியர் ஆவார்.

கல்வியும் ஆய்வும்

சதீஷ் தவன் 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று ஸ்ரீநகரில் பிறந்தார். பிரிவினைக்கு முன்பு லாகூரில் இருந்த பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல் பாடங்களில் இளநிலைப் பட்டமும், ஆங்கில இலக்கியத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். தொடர்ந்து 1945-இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார்.

பின்னர் அமெரிக்கா சென்ற அவர், 1947-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஹான்ஸ் லீப்மன் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து, 1951-இல் முனைவர் பட்டம் பெற்றார். விரைந்து பாயும் காற்று ஒரு பரப்பின் மீது ஏற்படுத்தும் உராய்வை நேரடியாக அளப்பதே அவரது ஆய்வு. பரப்பின் சிறு பகுதியை மட்டும் தனியே நகருமாறு அமைத்து, அதன் மீது காற்று செலுத்தும் மிகச் சிறிய விசையை அவர் அளந்தார். விமானம், ராக்கெட் ஆகியவற்றின் வடிவமைப்புக்கு இத்தகைய அளவீடு இன்றியமையாதது.

பெங்களூருவில்

1951-இல் தாயகம் திரும்பிய தவன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். 1955-இல் விமானப் பொறியியல் துறையின் தலைவரானார். ஒலியை விஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்திச் சோதனை நடத்தும் காற்றுச் சுரங்கத்தை அங்கு உருவாக்கினார். 1962 முதல் 1981 வரை அக்கழகத்தின் இயக்குநராகப் பதவி வகித்தார். கிராமப்புறத் தேவைகளுக்கான தொழில்நுட்பங்களை உருவாக்கும் 'அஸ்த்ரா' மையம் அவரது பதவிக்காலத்தில், 1974-இல் தொடங்கப்பட்டது.

இரு நிபந்தனைகள்

இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடியான விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30 அன்று மறைந்தார். அப்பொறுப்பை ஏற்குமாறு அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, தவனைக் கேட்டுக்கொண்டார். விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூருவில் அமைய வேண்டும், அறிவியல் கழக இயக்குநராகத் தாம் தொடர வேண்டும் என்ற அவரது இரு நிபந்தனைகளும் ஏற்கப்பட்டன. 1972-இல் அவர் இஸ்ரோ தலைவரானார். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா, அவரது தலைமையின்போது, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் மூலம் ஏவப்பட்டது.

தோல்வியும் வெற்றியும்

உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் சோதனை 1979 ஆகஸ்ட் 10 அன்று நடைபெற்றது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவினால் ராக்கெட் நிலைதவறி, வங்கக் கடலில் விழுந்தது. ராமேஸ்வரத்தைச் சேர்ந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தார்.

செய்தியாளர்களின் கடுமையான கேள்விகளுக்குத் தவனே முன்வந்து பதிலளித்ததாகவும், தோல்விக்கான பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, குழுவினர் மீது முழு நம்பிக்கை தெரிவித்ததாகவும் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார்.

கோளாறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டபின், 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 மீண்டும் ஏவப்பட்டது. 35 கிலோ எடை கொண்ட ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் நிலைநிறுத்தப்பட்டது. அன்று செய்தியாளர்களைச் சந்திக்குமாறு கலாமிடமே தவன் கூறினார். தோல்வியைத் தலைவர் ஏற்று, வெற்றியைக் குழுவுக்கு வழங்க வேண்டும் என்பதை அந்நாளில் கற்றுக்கொண்டதாகக் கலாம் குறிப்பிடுவது வழக்கமாக இருந்தது.

பறவைகளின் மீது ஆர்வம்

1981-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற தவன், 1984-இல் இஸ்ரோ தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காடு ஏரி, வலசைப் பறவைகளுக்குப் புகழ்பெற்றது. பறவைகள் பறக்கும் முறையைப் பொறியியல் நோக்கில் ஆராய்ந்து தவன் நூலொன்றும் எழுதினார்.

2002 ஜனவரி 3 அன்று அவர் பெங்களூருவில் காலமானார். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. அப்போது நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் அப்துல் கலாம்.