கோலிஃபேஜ்: சிப்பி மாசுகாட்டி

கோலிஃபேஜ் என்பது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். மனிதருக்குத் தீங்கு செய்யாது. கழிவுநீர் கலந்த கடலில் வளர்ந்த சிப்பி, மட்டிகளில் நோய் வைரஸ்கள் இருக்கக்கூடுமா என்று அறிய இது மாசுகாட்டியாகப் பயன்படுகிறது.

சிப்பி நீரை வடிகட்டித்தான் இரை தேடுகிறது. வளர்ந்த சிப்பி ஒன்று நாளைக்கு 100 லிட்டருக்கு மேலும் வடிகட்டும். நீரிலுள்ள கிருமிகள் அதன் செரிமானச் சுரப்பியில் சேர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘ஏ’ தரச் சிப்பிக்கு 100 கிராம் சதையில் 230 ஈ.கோலை என்பதே அடிப்படை வரம்பு. ஆனால் இந்த அளவுகோல் ஏமாற்றும். சிப்பியைத் தூய நீர்த்தொட்டியில் இரண்டு நாள் விட்டால் ஈ.கோலை பெரும்பாலும் வெளியேறிவிடும். குடல்நோய் தரும் நோரோவைரஸோ சிப்பியின் குடல் திசுவின் சர்க்கரை மூலக்கூறுகளைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் தங்கும். சோதனையில் தேறிய சிப்பியைத் தின்றவருக்கும் வாந்தி, பேதி வருவது இதனால்தான். 1988இல் ஷாங்காயில் அரைவேக்காட்டு மட்டியால் சுமார் 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ பரவியது; வைரஸ் மாசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

வைரஸை அளக்க வைரஸே பொருத்தம். அதிலும் கோலிஃபேஜ்களில் ஒரு வகையான எஃப்-ஆர்.என்.ஏ. ஃபேஜ்கள் நோரோவைரஸைப் போலவே மேலுறையற்ற, ஆர்.என்.ஏ. கொண்ட நுண்துகள்கள். இவ்வகையின் எம்.எஸ்.2, சுமார் 27 நானோமீட்டர்தான். பாக்டீரியாவின் உடலில் நீளும் எஃப் இழையைப் பற்றியே இவை தொற்றும். குளிர்ந்த கடல்நீரில் அந்த இழை முளைக்காததால் ஃபேஜும் அங்கே பெருகாது; ஆகவே சிப்பியில் கிடைப்பது வெளியிலிருந்து வந்தது.

சோதனை எளிது. சிப்பிச் சதையை அரைத்து, தெளிந்த சாற்றை உயிருள்ள பாக்டீரியாவோடும் இளகிய அகாரோடும் கலந்து தட்டில் ஊற்றி, இரவு முழுக்க 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைப்பார்கள். காலையில் தட்டெங்கும் பாக்டீரியா வெண்படலமாகப் படர்ந்திருக்கும். ஃபேஜ் கொன்ற இடம் மட்டும் கண்ணாடிபோல் தெளிந்த வட்டம். அவற்றை எண்ணினால் போதும். மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனை செத்த வைரஸையும் சேர்த்து எண்ணும். இந்தத் தட்டுச் சோதனையில் உயிர்ப்புள்ளவை மட்டுமே கணக்கில் வரும்.

அமெரிக்காவில் சுத்திகரிக்காத கழிவுநீர் பாய்ந்தால் சிப்பிப் பகுதியை 21 நாள் மூட வேண்டும். 100 கிராமுக்கு 50 ஃபேஜுக்கு மேல் இல்லையென்று தெரிந்தால் முன்னதாகவே திறக்கலாம்.

குறைகளும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் ஃபேஜ் விரைவில் அழிவதால், கோடைக்கால முடிவை அப்படியே நம்ப முடியாது. விலங்குக் கழிவிலிருந்தும் ஃபேஜ் வரும். ஆனால் எஃப்-ஆர்.என்.ஏ. ஃபேஜின் நான்கு மரபு வகைகளில் 2, 3 பெரும்பாலும் மனிதக் கழிவையும், 1, 4 பெரும்பாலும் விலங்குக் கழிவையும் சுட்டுகின்றன.