பேகனும் மயிலும்

பழனி மலைத்தொடர் சங்கச் செய்யுட்களில் ஆவியர் குடிக்குரிய நாடாகப் பேசப்படுவது. மாமூலனார் அகநானூற்றுள் நெடுவேள் ஆவியின் ஊராகக் கூறும் பொதினியே பிற்காலத்துப் பழனியெனத் திரிந்தது என்பர் அறிஞர். அம்மலைமேலுள்ள கோடைக்கானல் என்னும் குளிர்நகர் 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் குடியேறியதனால் தோன்றியது. அம்மலைச்சாரலின் குளிரோ பன்னூற்றாண்டுகட்கு முன்னரே புலவர் செய்யுளிற் புகுந்து, ஒரு மன்னனது உள்ளத்தை அளக்குங் கோலாயிற்று.

அம்மன்னன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். காட்டு மயிலொன்று குளிரால் நடுங்குமென இரங்கித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். இச்செய்தியைச் சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனாரும், புறநானூற்றிற் பரணரும் போற்றினர்.

மயில் ஆடையை உடுப்பதுமில்லை, போர்ப்பதுமில்லை. ஆகலின் இஃது அறியாமையன்றோ என்பார் உளர். பரணர் அத்தடையைத் தாமே எழுப்பி விடையும் இறுத்தார். மயில் போர்வையைப் பயன்கொள்ளாது என்பது பேகனுக்குத் தெரியும், தெரிந்தே ஈந்தான். களர்நிலமென்று பாராது எங்கும் பெய்யும் மழைபோல்வது அவன் கொடை. மறுமைப் பயனை நோக்காது பிறர் துயரொன்றையே நோக்குவது அது. இதனைக் கொடைமடம் என்று பெயரிட்டுப் புகழ்ந்தார் அப்புலவர்.

ஆயின் வரலாறு இவ்வளவில் முடிந்திலது. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து, வேறொரு மகளை விரும்பி அவளூர்க்குத் தேரேறிச் சென்று வந்தான். பாடிச் சென்ற புலவர் முன் பரிசிலன்றித் துறக்கப்பட்டாள் ஒருத்தியின் கண்ணீரே நின்றது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவள்பொருட்டு அவனை இரந்தனர். பொன்னும் மணியும் வேண்டா, தேர்பூட்டி மனைக்குச் செல்லுதலே வேண்டும் பரிசில் என்றனர். வறுமையால் வாடும் புலவர் பொருளை மறுத்து ஒரு பெண்ணின் துயர்தீர்க்க முயன்றது தமிழ் வரலாற்றில் அரிய செயலாம்.

ஈண்டு ஆராயற்பாலது பரணர் மயிலைக் கையாண்ட முறை. வேண்டுகோள் விடுக்கும் பாட்டிலும் அவர் அம்மயிலையே முதற்கண் எடுத்தார். கடிந்து ஒருசொல்லும் கூறினாரல்லர். மயில் நடுங்கக் கண்டு பொறாதவனே என விளித்த அளவில், மனையாள் நடுக்கத்தைக் காணாதது ஏன் என்னும் வினா தானே எழுகின்றது. புகழும் பழியும் ஒரு பறவையின்மேல் நின்றன.

அன்பு தொடர்புடையார்மேற் செல்வது. அருள் தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலுஞ் செல்வது எனப் பரிமேலழகர் பகுத்துரைப்பர். அவ்வருளை அன்பு ஈன்ற குழவியென உருவகித்தார் திருவள்ளுவர். பேகன்பால் குழவி வளர்ந்தது, தாய் மெலிந்தாள். காட்டுயிர்க்கு இரங்குதல் ஒருகணத்தில் முடியும். ஒருமனையிலிருந்து நாடோறும் அன்பு செய்தலோ தன்விருப்பை அடக்குதலை வேண்டும். அதனாலன்றோ அது அரிதாயிற்று.

கார்காலத்து ஆண்மயில் தோகையை விரித்து நடுக்குவது பெடையை நாடியே என்பர் இக்கால உயிர்நூலார். பேகன் கண்ட நடுக்கமும் அதுவாயின், துணையை நாடிய பறவைக்குப் போர்வை ஈந்தவன் தன் துணையை மறந்தான் என்றாகும்.

கட்டுண்ட உயிரைப் பசுவென்றது சைவநூல். ஆணவமலம் அறிவை மறைக்குமிடத்துச் சேய்மை விளங்கவும் அண்மை இருளவும் கூடும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. கச்சியப்பர் கந்தபுராணத்துட் சூரபன்மன் மயிலாயினான். மலம் பொருளாக அழிவதன்று, அதன் சத்தியே மடங்குவது என்னுஞ் சித்தாந்தக் கருத்தோடு அஃது இயைந்து நிற்கின்றது. மலையடியிலுள்ள திருவாவினன்குடியில் முருகப்பெருமான் மயில்மேல் வீற்றிருக்கின்றான்.

பேகன் மனைக்கு மீண்டனனோ என்பதை 1894-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றுச் செய்யுட்கள் கூறவில்லை. மயிலுக்கு ஈந்த போர்வை புகழாயிற்று. மனையாட்கு ஈயாத அன்பு வினாவாய் எஞ்சியது. அவ்வினா பேகனோடு ஒழிந்ததன்று. உயிர்கட்கிரங்கும் ஒவ்வொருவரும் தம் இல்லத்து வாயிலில் நின்று தமக்குத்தாமே விடுத்துக்கொள்ளற்பாலது.