லண்டன் கிரைண்டர்களும் உங்கள் ரிவிஷனும்

பரீட்சைக்கு முந்தின வாரம் மெடிக்கல் ஹாஸ்டல் பக்கம் போயிருக்கீங்களா? தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம், நாலு கலர் ஹைலைட்டர், அதே பக்கத்தை மூணாவது தடவையா வாசிக்கிற ஒருத்தர். இத்தனை படிச்சும் ஏன் நிக்க மாட்டேங்குது? இந்தக் கேள்வியோட பழைய லண்டனுக்குப் போவோம்.

1815-இல் இங்கிலாந்தில் அபாத்திகரிகள் சட்டம் வந்தது. அபாத்திகரி என்றால் மருந்தும் கலந்து கொடுத்து, நோயாளியையும் பார்த்துக்கொண்ட வைத்தியர். இந்தச் சட்டப்படி ஐந்து வருடம் ஒருவரிடம் தொழில் பழகணும், லண்டன் அபாத்திகரிஸ் ஹாலில் தேர்வும் பாஸ் பண்ணணும். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816 ஜூலை 25 அன்று இதில் தேறியவர். அப்போது அவருக்கு வயது 20. உரிமத்துக்கு 21 ஆகியிருக்கணும், அதனால் அக்டோபர் பிறந்தநாள் வரை காத்திருந்தார்.

தேர்வு வாய்மொழியாக நடந்தது, இன்றைய வைவா மாதிரி. மருந்து நூலின் லத்தீனை மொழிபெயர்க்கணும், வேதியியல், உடற்கூறு என்று கேள்விகள் வரும். பரீட்சை வந்தால் பின்னாடியே டியூஷனும் வருமே! அப்படி வந்தவர்கள்தான் ‘கிரைண்டர்கள்’. மாவு அரைக்கிறதில்லை, மாணவர்களை அரைக்கிறவர்கள். பையன்களைச் சுற்றி உட்காரவைத்து, ஹாலில் கேட்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொருவராகக் கேட்டு, பதில் வரும்வரை விடமாட்டார்கள். 1841-இல் ஆல்பர்ட் ஸ்மித் ‘பன்ச்’ இதழில் லண்டன் மருத்துவ மாணவர்களைப் பற்றி எழுதிய நகைச்சுவைத் தொடரில் கிரைண்டரும் கிண்டலுக்குத் தப்பவில்லை. நோயாளியைப் பார்க்காமல் கடம் அடித்து டாக்டர் ஆவதா என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் என் கணிப்பில், கிண்டல் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: அங்கே யாரும் சும்மா வாசித்துக்கொண்டிருக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல், நினைவிலிருந்து எடுத்துப் பதில் சொன்னார்கள்.

கிரைண்டர்களிடம் இல்லாதது இடைவெளி. எல்லாம் கடைசி நேர அரைப்பு. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டுக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துப் போட்டபோது 38 தடவையிலேயே கிடைத்தது.

சரி, திரும்ப வாசிப்பது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? 2006-இல் ரோடிகரும் கார்பிக்கும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில் பதில் இருக்கு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், நாலு தடவை வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது. ஒரு தடவை வாசித்து மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 71தான். ஒரு வாரம் கழித்து? வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வாசித்தவர்களுக்குத்தான் ‘நல்லா ஞாபகம் இருக்கும்’ என்ற நம்பிக்கை அதிகமாம்!

மாணவர்கள் சரி, டாக்டர்கள்? 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தை மருத்துவம், அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயிற்சியில் இருந்த டாக்டர்களுக்கு இரண்டு பாடம் எடுத்தார்கள். ஒன்று நிற்காத வலிப்பு, இன்னொன்று மயஸ்தீனியா கிராவிஸ். ஒரே டாக்டருக்கு ஒரு பாடத்தில் டெஸ்ட், மறு பாடத்தில் குறிப்புத்தாள் வாசிப்பு. பாடம் முடிந்ததும் ஒரு தடவை, பிறகு இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை. டெஸ்ட் எழுதினால் சரியான விடையும் கையோடு சொல்லப்பட்டது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வாசித்த பாடத்தில் 26 சதவீதம், டெஸ்ட் எழுதிய பாடத்தில் 39. 39-ம் பெரிய மார்க் இல்லைதான். ஆனால் வலிப்பு நிற்காத குழந்தையை ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கிட்டு வரும்போது, அந்த 13 எந்தப் பக்கம் இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்த வாரம் வைவா இருக்கிறவங்க இப்பவே ஹெட்போனைக் கழட்டிட்டு, ரூம்மேட்டைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கச் சொல்லுங்க. புத்தகம் அவர் கையில இருக்கட்டும்.