சிறு சொற்களின் வரவு

சிங்கப்பூரின் தென்பகுதியில் உள்ள புக்கிட் மேராவின் பெயர் இரண்டு சிறு சொற்களால் ஆனது. 'புக்கிட்' என்பது குன்று. 'மேரா' என்பது சிவப்பு. அறிவுமிக்க சிறுவன் ஒருவனின் குருதி படிந்து அக்குன்று சிவந்தது என வழங்கும் கதையை இங்குள்ள மாணவர் நன்கறிவர். அவ்விரண்டும் மலாய்ச் சொற்களே. ஆயினும் அவ்வட்டாரத்துக் காப்பிக் கடையை மலாய்க்காரர் ஒருவர் 'கெடாய் கோப்பி' எனக் குறிப்பிடுங்கால் தமிழ்ச் செவி சற்றே விழித்துக்கொள்கிறது. கெடாய் என்பது நம் கடைதானோ?

கடைதான். ஆனால் அதனை நிறுவுவது எங்ஙனம்? ஓசை ஒத்திருக்கிறது என்பது மட்டும் விடையாகாது. மாந்தர் வாய் எழுப்பும் ஒலிகள் சில. மொழிகள் வழங்கும் சொற்களோ பல்லாயிரம். ஆதலின் ஓரசை, ஈரசைச் சொற்கள் எவ்வகை உறவுமின்றி ஒத்துப்போவது இயல்பு. சிராங்கூன் சாலையின் முகப்பிலுள்ள சந்தைப் பகுதியைத் தமிழர் 'தேக்கா' என்பர். தேக்கு மரத்தை நினைவூட்டும் பெயர். எனினும் அது ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் அம்மரத்தை 'டீக்' என்பதோ உண்மையாகவே நம் சொல். மலையாளக் கரையில் போர்த்துகீசியர் கேட்டு, பின் ஆங்கிலேயர் பெற்றது. அருகிலுள்ளது உறவில்லை, கடல் கடந்து கிடப்பது உறவு!

'எட்டு' என்பதிலிருந்தே ஆங்கிலத்து 'எய்ட்' பிறந்தது என்று வகுப்பறைகளில் சொல்லக் கேட்கிறோம். கேட்க இனிக்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் இன்று ஒலிக்காமல் நிற்கும் இரண்டு எழுத்துகள், முற்காலத்தில் அங்கு ஒரு மெய்யொலி இருந்ததைக் காட்டுகின்றன. இலத்தீனத்தின் 'ஒக்டோ' அம்மெய்யை இன்றும் காட்டி நிற்கிறது. தமிழ் எட்டின் வேரோ எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்பனவற்றில் 'எண்' என வெளிப்படுகிறது. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றன. உறவுடைய சொற்களாயின் நெருங்க வேண்டும். பொய்யான ஒன்றை மெய்யென ஒப்பிக்கும் மாணவன், நாளை பல்கலைக்கழகத்தில் அது பொய்யென அறியும்போது, மெய்யான கடையையும் கப்பலையும் சேர்த்தே ஐயுறுவான். இழப்பு தமிழுக்குத்தான்.

இத்தகைய ஆய்வுக்கு ஆங்கிலமே நல்லதொரு பாடம். கி.பி. 793இல் லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தைச் சூறையாடிய வட கடலோடிகளின் இனத்தார், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியமர்ந்தனர். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்னும் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'பி', அவர்தம் மொழியில் ஊரைக் குறிக்கும் சொல். வானத்தைக் குறிக்கும் 'ஸ்கை' அவர் தந்தது. டேனிய மொழியில் அது இன்றும் முகிலையே குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க' ஒலி 'ஷ' எனத் திரிந்தது. வடவர் மொழியில் திரியவில்லை. அதனால்தான் ஒரே மூலத்தினின்று வந்த 'ஷர்ட்' சட்டையாகவும் 'ஸ்கர்ட்' பாவாடையாகவும் ஆங்கிலத்தில் இருமுறை வாழ்கின்றன. முட்டையைக் குறிக்கும் 'எக்' கூட வடவர் சொல்லே. அதைக் கேட்ட வணிகன் ஒருவனிடம், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று ஓர் இல்லத்தரசி கூறிய வேடிக்கையை அச்சாளர் காக்ஸ்டன் 1490இல் எழுதி வைத்தார். அவளறிந்த சொல் 'ஐரன்'. இவற்றினும் வியப்பானது, 'அவர்கள்' என்னும் பொருளுடைய 'தே' கூட வந்தேறியது என்பது. பொருளின் பெயரைச் சந்தையில் வாங்கலாம். சுட்டுப்பெயரை அண்டை வீட்டாரிடமிருந்தே பெற முடியும்.

ஓர் இடைக்குறிப்பு. ஆங்கிலத்தின் 'விண்டோ' வடவரின் 'காற்றுக் கண்' என்னும் தொடர். நம் பழஞ்சொல் 'காலதர்', காற்றின் வழி. நினைப்பு ஒன்று; உறவு ஏதுமில்லை.

இனி மலாய்க்கு வருவோம். கப்பல், பெட்டி, கட்டில் என்பவற்றை அம்மொழி இரட்டிப்பை நீக்கி ஏற்றது. ஆயினும் வல்லோசை மாறவில்லை. கடை, முதல், வகை என்பவற்றிலோ இடையிலுள்ள தனி வல்லினம் நாம் ஒலிக்குமாறே மெலிந்து நிற்கிறது: கெடாய், மோடால், பாகாய். இவ்வேறுபாட்டைத் தமிழெழுத்தில் முற்றக் காட்ட இயலாது. காதால் கேட்டே உணர வேண்டும். ஒரு சொல் ஒத்தால் தற்செயல்; ஒரே நெறியில் ஆறும் ஒத்தால் அது வரலாறு.

வரலாற்றுக்குக் கல்லும் சான்று. தாய்லாந்தின் தாக்குவாப்பாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டதையும் அது மணிக்கிராமத்தாரின் காவலில் இருந்ததையும் கூறும். மலாயில் குளத்திற்குக் 'கோலாம்', காவலுக்குக் 'காவால்' என்பது பெயர். சுமத்திராவின் பாரூசில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிக்கிறது. சொல் புகுந்த ஆண்டைக் கல் சொல்லாது. புகுவதற்கு வாயில் திறந்திருந்தது என்பதைச் சொல்லும்.

கப்பல், கடை, முதல் என இவை பெரிதும் வணிகர் சொற்கள். ஆங்கிலத்தில் வடவர் சொல் சுட்டுப்பெயர் வரை சென்றதுபோல் தமிழ் மலாயில் செல்லவில்லை. ஆயினும் 'பலவகை' என்பது 'பெல்பாகாய்' ஆனது. 'மாப்பிள்ளை' என்பது 'மெம்பெலாய்' ஆகி, மணமகன், மணமகள் இருவரையும் குறிக்கிறது. வந்த வணிகருள் சிலரேனும் இங்கே மணப்பந்தலில் அமர்ந்திருக்க வேண்டும் என்றே எண்ணத் தோன்றுகிறது.