வெட்டுத் துண்டுகளின் பள்ளி: படத்தொகுப்புக் கல்வி மாறிவந்த வரலாறு

தமிழ்த் திரையுலகில் படத்தொகுப்புக் கலை எவ்வாறு பயிலப்பட்டு வந்தது என்று ஆராயப் புகுவோர்க்கு முதலில் புலப்படுவது, நெடுங்காலம் அக்கலைக்குப் பாடநூலோ வகுப்பறையோ இன்றி, குருவின் பக்கத்தில் நின்று ஏவல் செய்வதே கல்வியாக இருந்தது என்பதாகும். ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் 1945-ஆம் ஆண்டிலேயே சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் பாடங்களாகிவிட்டன. எடிட்டிங்கோ ஸ்டூடியோக்களின் எடிட்டிங் அறைக்குள்ளேயே சிஷ்ய பரம்பரையாக வளர்ந்தது. ‘பஞ்சாபி’ என்ற பெயரில் படங்களைத் தொகுத்த பஞ்சு, கிருஷ்ணனோடு இணைந்து இரட்டை இயக்குநராகப் பெயர் பெற்றவர். அவ்விருவரிடம் உதவித் தொகுப்பாளராகத் தொடங்கியவர் ஏ. பீம்சிங்; அவருடைய குமாரரே தொகுப்பாளர் பி. லெனின். ஸ்ரீகர் பிரசாத்தும் தம் தந்தையார் சஞ்சீவியிடம் தொழில் பயின்றவரே.

அவ்வறையில் உதவியாளன் செய்த வேலை யாது? 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிஷங்களில் முடிந்துவிடும். லேபரட்டரியிலிருந்து வந்த, எடுத்த காட்சிகளின் முதற்பிரதியான ரஷ் பிரிண்டைக் கிளாப் பலகை மூடும் ஃபிரேமில் நிறுத்தி, காந்த ஒலிச்சுருளில் அச்சத்தம் எழும் இடத்தோடு பொருத்துவதும், பிலிமின் ஓரத்து எண்களை நோட்டில் எழுதுவதும், மூவியோலா என்னும் எடிட்டிங் இயந்திரத்தில் வெட்டி ஒதுக்கிய துண்டுகளைத் துணி விரித்த தொட்டியின்மேல் ஊசிகளில் வரிசையாகத் தொங்கவிடுவதும் அவன் கடமை. நாயகி திரும்புவதற்குச் சற்று முன்னுள்ள எட்டு ஃபிரேமைக் குரு கேட்ட கணத்தில் எடுத்து நீட்ட வேண்டுமாயின், சேர்த்தவற்றைக் காட்டிலும் தள்ளியவற்றை அவன் நன்கு அறிந்திருக்க வேண்டும். ஆதலின், இன்ன துண்டு ஏன் தள்ளப்பட்டது என்ற வினா அவன் கைவழியே நாள்தோறும் சென்றுகொண்டிருந்தது. கூலிவேலை போல் தோன்றிய இந்த எடுபிடித் தொழிலே அக்கலையின் மெய்யான பாடத்திட்டம் என்பது என் துணிபு.

1989-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆவிட் என்னும் கணினிச் சாதனம் இந்நிலையை மாற்றிற்று. 1994 பொங்கலுக்கு வெளியான ‘மகாநதி’யே ஆவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என அறியப்படுகிறது. மூலத்துக்குச் சிறிதும் சேதமின்றி ஒரு காட்சியை எத்தனை விதமாகவும் அடுக்கிப் பார்க்கலாம் என்பது மகத்தான சௌகரியம். அதனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் தொங்கும் துண்டுகள் மறைந்தபோது, அவற்றைத் தேடி எடுக்கும் சிஷ்யனுக்குக் குருவின் அருகே இருந்த இடமும் சுருங்கிற்று.

பின்னர்க் கருவியின் விலை இறங்கிய கதையை விரிக்க வேண்டுவதில்லை. கல்யாண வீடியோ மிக்சிங் கடைகளில் எடியஸ் என்னும் தொகுப்பு மென்பொருள் பழக்கத்துக்கு வந்தது. இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் 2014-இல் முழுத் தொகுப்பு வசதியும் பெற்றது. கட்டற்ற மென்பொருளான கேடென்லைவும் உண்டு. கடலூரிலோ சிதம்பரத்திலோ இருக்கும் ஓர் இளைஞர் சென்னைக்கு ரயிலேறாமலே இக்கலையைத் தொடங்கலாம். பழைய மடிக்கணினி திணறினால், காட்சிகளின் எடை குறைந்த நகல்களான புராக்சிகளை அமைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தனியே பயில்பவர் முதலில் கற்பது பொத்தான்களையும் டிரான்சிஷன்களையுமே. சிதம்பரத்து ஆனித் தேரைப் படமெடுத்தவர் ஒருவரை எண்ணுங்கள். சக்கரத்தின் கீழிருந்து முட்டுக்கட்டையை இழுத்த கணத்துக்கும், வடம் விறைத்துத் தேர் அசையும் கணத்துக்கும் இடையே ஒரு தயக்கம் உண்டு. அத்தயக்கத்தை முழுதாக வைத்து, சக்கரம் உருளத் தொடங்கிய பின்னரே கூட்டத்தின் முகங்களுக்குத் தாவினால், பார்ப்பவர் உடம்பிலும் தேரின் பாரம் ஏறும். முன்னதாகத் தாவினால் அது வெறும் திருவிழாச் செய்தி. அவ்விடத்தை எந்த மென்பொருளும் காட்டித் தராது. எடுத்த காட்சிகள் அனைத்தையும் பொறுமையாகப் பார்த்தவர்க்கே அது தென்படும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த கிராமத்தார் இப்பொறுமைக்குப் புதியவரல்லர். உப்பனாற்றங்கரை ஆலைகளின் நடுவே வாழும் அம்மக்கள், 2004-ஆம் ஆண்டு தொடங்கிச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகத் திரண்டு, வாளியைக் கொண்டு அமைத்த எளிய கருவியால் காற்றின் மாதிரியைப் பிடித்து, எந்நாளில், எந்நேரத்தில், எவ்விடத்தில் எத்தகைய நாற்றம் வீசிற்று என்று குறித்துவந்தனர். பழைய உதவித் தொகுப்பாளனின் ஓர எண் நோட்டுக்கும் இக்குறிப்புக்கும் ஆதாரமான ஒழுக்கம் ஒன்றே. செல்பேசியில் பதிந்த புகைக் காட்சியும் தேதியும் இடமும் குறிக்கப்படாவிடில் சாட்சியாகாது. தம் ஊரின் வரலாற்றைத் தாமே தொகுக்கப் புகும் இப்பகுதி இளைஞர், டைம்லைனில் முதல் துண்டை வைக்கு முன், எல்லாக் காட்சிகளையும் ஒருமுறை முழுதும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, தள்ளியவற்றுக்குக் காரணத்தையும் பக்கத்தில் குறித்து, அந்நோட்டைத் தமக்குப் பின் பயில வருபவரிடம் கொடுப்பாராயின், எடிட்டிங் அறை அளித்த கல்வியில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடும்.