எட்டாவது துணை

மண்ணூர்ப் பக்கத்துக் காயலான் கடைகளில் தேய்ந்த ஆக்ஸா பிளேடுகள் எடைக்குக் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான பட்டறைகள் பல் மழுங்கியதும் கழித்துவிடுபவை. கார்க் கண்ணாடி துடைக்கும் வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் மெல்லிய எஃகுப் பட்டையும் அங்கேயே அகப்படும். சாவி தொலைந்துபோன ஒரு டிரங்குப் பெட்டியின் பொருட்டு இரண்டையும் வாங்கிவந்து திண்ணையில் அரத்தோடு உட்கார்ந்தேன். ஒரு கொக்கி செய்ய உட்கார்ந்தவன் சரித்திரம் யோசிக்க நேர்ந்தது அப்படித்தான்.

செய்முறையில் ரகசியம் எதுவுமில்லை. பிளேடின் பற்களைத் தேய்த்து நீக்கி, நுனியைச் சிறு கொக்கியாக அரத்தால் எடுக்கவேண்டும். சாணைக்கல்லில் அவசரப்பட்டால் எஃகு நீலம் பாரிக்கும். அந்த இடத்தில் பதம் போய்விடும். பிறகு வளைந்தால் வளைந்தபடியே நிற்கும். ஆகவே கொஞ்சம் தேய்ப்பதும் தண்ணீரில் தோய்ப்பதுமாகப் பொழுது போகும். வைப்பர் பட்டையின் முனையை மடக்கினால் இரண்டாவது கருவி. பார்ப்பவர்கள் கொக்கிதான் திறக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் பூட்டின் உருளையை லேசாகத் திருப்பியபடி காத்திருக்கும் இந்தப் பட்டைக்குத்தான் பாதி வேலை.

பண்டைய எகிப்தின் மரப்பூட்டுகளில் இருந்த தத்துவத்தை 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் சிறிய உலோக உருளைக்குள் அடக்கினார். இன்று நம் வீட்டுக் கதவுகளில் இருக்கும் பின் பூட்டு அதன் வழி வந்தது. பின்கள் இறங்கும் துவாரங்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகப் பெயர். ஆனால் எந்தத் துளையும் அப்படி மிகச் சரியாக விழுவதில்லை. எனவே உருளையைத் திருப்ப முயலும்போது எல்லாப் பின்களும் ஒருசேரத் தடுப்பதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் சிக்கிக்கொள்கிறது. அதைத் தூக்கிவிட்டால் அடுத்தது. பூட்டைச் செய்தவன் விட்ட மயிரிழைப் பிழைதான் வழி.

இந்தப் பிழையைப் பகிரங்கமாகப் பேசலாமா என்பது 1851இல் லண்டனில் பெரிய சர்ச்சையாயிற்று. உலகப் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வியாபாரி ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறக்கவே முடியாதென்று பேர்பெற்ற சப் பூட்டைச் சுமார் 25 நிமிஷத்தில் திறந்தார். பிராமா கம்பெனி தன் கடை ஜன்னலில் பல பத்தாண்டுகளாகச் சவாலாக வைத்திருந்த பூட்டுக்கு, 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. 200 கினி பரிசும் கிடைத்தது. திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகப் புகார் எழுந்தது. திருடர்களுக்கு ஏற்கெனவே தெரியும், தெரியாதவர்கள் பூட்டை நம்பிப் பணம் கொடுத்தவர்களே என்பது ஹாப்ஸ் தரப்பு. பூட்டுகள் மேம்பட்டதற்கு இந்த வாதம் ஒரு காரணம்.

நம்மிடம் இப்படியொரு வாதம் நடந்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் களவுக் கருவிகள் நம் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. மதுரைக்காஞ்சியின் இரவில் நூலேணியோடு கள்வர் திரிகிறார்கள். சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் கன்னம் வைக்க வந்த சர்விலகன் தன் பூணூலாலேயே சுவரை அளக்கிறான். எனக்கு மறக்கமுடியாதது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைதான். கோவலனின் முகத்தைப் பார்த்துக் காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் கள்வன்போல் இல்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் கள்வருக்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான். மந்திரத்தில் தொடங்கும் அந்தப் பட்டியலில் எட்டாவது கருவி. கோவலனிடம் இருந்ததோ மனைவியின் ஒற்றைச் சிலம்பு மட்டும். களவின் சாஸ்திரத்தை அத்தனை சரளமாக ஒப்பித்தவனே உண்மையான திருடன் என்பதைக் கேட்டவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

அந்தப் பட்டியல் பின்னால் சட்டமாகவே வந்தது. 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, வீடு புகுவதற்கான கருவி ஒருவனிடம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். அது நியாயமான காரணத்துக்காக என்று நிரூபிப்பது அவன் பொறுப்பு. 1973இன் புதிய சட்டமும் 41ஆம் பிரிவில் இதை அப்படியே வைத்துக்கொண்டது. இதற்கிடையில், வடக்கே 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. கையிலிருக்கும் இரும்பைக் கேட்ட சர்க்கார் இப்போது கையையே கேட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த ஜனங்கள்மீது போலீஸ் சுட்டது. அவர்கள் விஷயத்தில் விரல்தான் எட்டாவது துணை.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் அரம்போட்டு லீவர் இழைக்கும் கொல்லர்களுக்குக் கடைசிக் காலத்திலாவது ஒரு மரியாதை. ஆனால் பூட்டைச் செய்யத் தெரிந்த கைக்கு அதைத் திறக்கவும் தெரியும். அறிவு ஒன்றுதான், ஒரு பாதிக்குச் சான்றிதழ், மறுபாதிக்குச் சந்தேகம். சாலையோரம் குடைக்குக்கீழ் சாவி வளையத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் அவருடைய கொக்கி எதில் செய்தது என்று ஒருமுறை கேட்டேன். குடைக்கம்பி என்றார். சொன்ன கையோடு நான் யார், எந்த ஊர் என்று விசாரிக்கத் தொடங்கினார். அந்த மறுபாதியின் சரித்திரத்தை இவரைப் போன்றவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது போலீஸ் எழுதியதுதான்.

என் பெட்டி மூன்றாம் நாள் சாயங்காலம் திறந்தது. உள்ளே பழைய வேட்டிகள், ரேஷன் கார்டு, ஒரு ஸ்பானர். கருவிகளைத் துடைத்து வைக்கும்போதுதான் கவனித்தேன்: அவற்றை வேட்டிகளுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தேன். 2010இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 41ஆம் பிரிவிலிருந்து அந்த வாசகத்தை எடுத்துவிட்டது எனக்குத் தெரியும். என் சொந்தப் பெட்டி, என் சொந்த வீடு, பார்க்கவும் ஆளில்லை. ஆனாலும் கை தானாக மறைத்தது. வெளியே எடுத்து ஜன்னல் மாடத்தில் ஸ்பானருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டால் இன்னதென்று சொல்வதாக உத்தேசம்.