உயர்ந்து நிற்கும் வண்டிகள்: பட்டறைகளில் எழுதப்பட்ட ஒரு வரலாறு

மோட்டார் வாகனங்களின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த நிறுவனம் எந்த வண்டியை வெளியிட்டது, அதன் விலை என்ன, அந்நிறுவனத்தின் அதிபர் யார் என்பனவற்றை நூல்களிலும் பழைய பத்திரிகைகளிலும் எளிதிற் காணலாம். ஆனால், வண்டியை வாங்கியவர் அதனை என்ன செய்தார், அவருடைய ஊர்ப் பட்டறையில் அது எவ்வாறு வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் வேறொன்றாக மாறியது என்பது அரிதாகவே பதிவாகியுள்ளது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்கள் ஒருவகை வண்டிகளை நெடுஞ்சாலைகளிற் கண்டிருப்பார்கள். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட பிக்கப் வண்டியின் உடல்; அதன் கீழே மனிதனின் இடுப்பளவு உயரமான டயர்கள்; ஏறுவதற்குத் தனியே ஒரு படி. இதனைப் பணம் படைத்தவர்களின் வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். அது பாதி உண்மைதான். மற்றப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிக்கப் என்ற வண்டியே பட்டறையிற் பிறந்ததுதான். ஃபோர்ட் நிறுவனத்தின் 'மொடல் டி' கார் 1908 இல் வெளிவந்தது. சேற்றுப் பாதைகளையும் வண்டித் தடங்களையும் கடக்க வேண்டியிருந்ததால் அது நிலத்திலிருந்து நன்கு உயர்ந்தே நின்றது. அதனை வாங்கிய விவசாயிகள் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தித் தானியமும் பாற்கலன்களும் ஏற்றினார்கள். பல ஆண்டுகள் இவ்வாறு நடந்த பின்னரே, 1925 இல், சுமைப்பெட்டி பொருத்திய காரை ஃபோர்ட் தன் தொழிற்சாலையிலேயே செய்து 281 டொலருக்கு விற்றது. கொல்லனும் தச்சனும் முதலிற் செய்ததைத் தொழிற்சாலை பின்னர் செய்தது. இந்த ஒழுங்கை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இவ்வரலாற்றில் அது திரும்பத் திரும்ப வரும்.

அடுத்த தேவை நான்கு சக்கரங்களுக்கும் விசை அளிப்பது. சாதாரண பிக்கப்பில் பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். பனியிலும் சேற்றிலும் அவை சுழன்றுகொண்டே நின்றுவிடும். எண்ணெய்க் கிணறுகளிலும் சுரங்கங்களிலும் மின்கம்பி இழுக்கும் வேலைகளிலும் இருந்தவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. இண்டியானாபொலிஸ் நகரில் 1931 இல் தொடங்கப்பட்ட மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம், 1930 களின் நடுப்பகுதியிலிருந்து ஃபோர்ட் லொறிகளை வாங்கி, முன்பக்கத்திலும் விசைபெறும் அச்சைப் பொருத்தி விற்கத் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போர் இத்தேவையைப் பரவலாக்கியது. போரில் டொட்ஜ் நிறுவனத்தின் முக்காற்தொன் இராணுவ வண்டிகளை ஓட்டிப் பழகிய இளைஞர்கள், ஊர் திரும்பியதும் அத்தகைய வண்டியையே தேடினார்கள். 1946 இல் டொட்ஜ் 'பவர் வாகன்' என்ற பெயரில் அதன் பொதுமக்களுக்கான வடிவத்தை விற்பனைக்கு விட்டது. 94 குதிரைவலு மட்டுமே கொண்ட இயந்திரம், வேகம் குறைவு, இருக்கை கடினம். எனினும், மரம் இழுக்கவும் கிணறு தோண்டவும் தீயணைக்கவும் அது பயன்பட்டது. அமெரிக்கச் சந்தையில் 1968 வரை, பெரிய தோற்ற மாற்றமின்றி அது விற்கப்பட்டது.

ஏற்கெனவே செவர்லட் அல்லது ஜி.எம்.சி. பிக்கப் வைத்திருந்தவர்களுக்கு மினியாப்பொலிஸ் நகரின் நாப்கோ நிறுவனம் வழிகாட்டியது. முன் அச்சு, விசையைப் பகிரும் இரண்டாவது கியர்ப்பெட்டி, இணைப்புத் தண்டுகள் ஆகியவற்றை ஒரே தொகுதியாக அது 1950 களில் விற்றது. சாதாரண பட்டறையிலேயே அவற்றைப் பூட்டிவிடலாம். இம்முறை வெற்றி பெற்றதைக் கண்ட ஜி.எம்.சி. 1956 இலும் செவர்லட் 1957 இலும் நாப்கோ தொகுதியைத் தமது புதிய வண்டிகளிலேயே பொருத்தித் தர முன்வந்தன. 1960 அளவில் அவை தமது சொந்த நான்குசக்கர விசை வண்டிகளைச் செய்தன. நாப்கோவின் தேவை குன்றியது.

இவ்விடத்தில் ஒரு நுணுக்கத்தைக் குறிப்பிடவேண்டும். நாப்கோ பூட்டிய வண்டி பக்கத்து வீட்டுச் சாதாரண பிக்கப்பைவிட உயர்ந்து நின்றது. புதிய முன் அச்சு மேலும் கீழும் அசைவதற்கு இடம் தேவைப்பட்டதே அதற்குக் காரணம். உயரம் அழகுக்காக வந்ததன்று; வேலையின் பக்கவிளைவாக வந்தது. ஆனால், கண்டவர்களின் மனத்தில் உயரமும் வலிமையும் ஒன்றாகிவிட்டன. பின்னாளில் உயரம் மட்டும் தனியே பிரிந்து விலைப்பொருளானதற்கு வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது எனலாம்.

வண்டியை உயர்த்துவதற்கு இரு வழிகள் உண்டு. செசிக்கும் உடலுக்கும் இடையே கட்டைகளை வைத்து உடலை மட்டும் உயர்த்துவது ஒன்று. கூடுதலாக வளைந்த தகட்டு ஸ்பிறிங்குகளைப் பூட்டிச் செசியையே உயர்த்துவது மற்றொன்று. இரண்டுமே பெரிய டயருக்கு இடம் தருமேயன்றி அச்சை நிலத்திலிருந்து ஓர் அங்குலமும் உயர்த்தா. பாதையிலுள்ள பாறையில் இடிபடுவது அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷல் குமிழ்தான். அதனை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றே. அதுவும் விட்டம் கூடிய அளவிற் பாதிதான். 31 அங்குல டயருக்குப் பதிலாக 37 அங்குல டயரைப் பூட்டினால் கிடைக்கும் உயரம் மூன்று அங்குலம்.

அந்த மூன்று அங்குலத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. டயர் பெரிதாகும்போது இயந்திரத்தின் இழுவிசை குன்றும்; எனவே அச்சிலுள்ள பற்சக்கரங்களை மாற்றவேண்டும். வேகமானி பொய் சொல்லும். அதில் 50 மைல் என்று காட்டும்போது வண்டி ஏறத்தாழ 60 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கனத்த சக்கரத்தை நிறுத்தப் பழைய பிறேக் போதாது. ஸ்டியரிங் தண்டுகளின் சாய்வு மாறும். இணைப்புத் தண்டுகளின் மூட்டுகள் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஈர்ப்பு மையம் உயர்வதால் வளைவுகளில் வண்டி கவிழும் வாய்ப்பு அதிகரிக்கும்.

இந்தச் சங்கிலியை முழுமையாக அனுபவித்தவர் மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் பகுதியைச் சேர்ந்த பொப் சாண்ட்லர். கட்டடத் தொழிலில் இருந்த அவர் 1974 ஆம் ஆண்டின் ஃபோர்ட் எஃப்-250 பிக்கப் ஒன்றை வைத்திருந்தார். காட்டுப் பாதைகளில் ஓட்டும்போது அதன் பாகங்கள் உடைந்தன. மாற்றுப் பாகங்களும் திருத்துபவர்களும் அருகில் இல்லாமையால், 1975 இல் மனைவி மரிலினுடனும் நண்பர் ஜிம் கிராமருடனும் சேர்ந்து தாமே ஒரு பட்டறையைத் திறந்தார். பெரிய டயர் போட்டார், அச்சு முறிந்தது. இராணுவத்தின் இரண்டரைத் தொன் லொறிகளின் அச்சுகளைப் பூட்டினார்; அந்தக் கனத்துக்கு ஏற்ற இயந்திரம் தேவைப்பட்டது. அதையும் மாற்றினார். பின்சக்கரங்களும் திரும்பும்படி செய்தார். ஆக்சிலேற்றரைக் கடுமையாக மிதிக்கும் அவருடைய வழக்கத்தால் வந்த 'பிக்ஃபுட்' என்ற பட்டப்பெயரே வண்டிக்கும் நிலைத்தது.

1981 இல் ஒரு வயலில், வண்டியின் ஆற்றலைச் சோதிப்பதற்காகப் பழைய கார்களின் மீது அதனை ஏற்றி ஓட்டிப் படம் பிடித்தார் சாண்ட்லர். பட்டறையின் விளம்பரத்துக்கு என எடுக்கப்பட்ட அப்படத்தைக் கண்ட நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர், மக்கள் முன்னிலையில் அதனைச் செய்யும்படி கேட்டார். தமது வண்டிக்கு அழிவின் பெயர் வந்துவிடுமோ என்று சாண்ட்லர் முதலில் தயங்கினார். முடிவில் இணங்கினார். 1982 இல் மிச்சிகன் மாநிலத்தின் பொன்டியாக் சில்வர்டோம் அரங்கில், 66 அங்குல டயர்களுடன் அவ்வண்டியின் புதிய வடிவம் கார்களை நசுக்கியது. வயல்களில் உரம் தூவும் இயந்திரங்களுக்காகச் செய்யப்பட்ட டயர்வகை அது. மண் அமிழாதிருக்க விவசாயி பயன்படுத்திய டயர், கார்களை நசுக்கும் கருவியாயிற்று.

1989 இல் அதே குழுவினர் குழாய்களால் ஆன புதிய சட்டகத்தை உருவாக்கினார்கள். அதன்பின் அத்தகைய காட்சி வண்டிகளிற் பிக்கப்பின் முகமும் பெயரும் மட்டுமே எஞ்சின. அரங்கினுள் நடந்தவரை அது விளையாட்டு. பாதுகாப்பு விதிகளை வகுக்கச் சங்கமும் அமைந்தது. ஆனால், அரங்கிற் கண்ட உயரத்தைத் தெருவிலும் காண விரும்பியவர்கள் பெருகினார்கள். துன்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவிற் கார்களின் பம்பர் நிலத்திலிருந்து 16 முதல் 20 அங்குல வரம்புக்குள் மோதலைத் தாங்கவேண்டும் என்பது விதி. பிக்கப் வண்டிகளுக்கு அவ்விதி பொருந்தாது. உயர்த்திய வண்டியின் பம்பர் காரின் பம்பரைத் தாண்டி, உள்ளிருப்பவரின் தோளுக்கு நேரே வருகிறது. முன்பகுதியை மட்டும் உயர்த்திப் பின்பகுதியைத் தாழ்த்தும் மோகம் பரவியபோது, சாரதிக்கு எதிரே நிற்கும் குழந்தைகூடத் தெரியாத நிலை ஏற்பட்டது. வட கரோலினா 2021 இலும், வேர்ஜீனியா 2022 இலும், தென் கரோலினா 2023 இலும் அவ்வகை மாற்றத்தைச் சட்டத்தால் தடுத்தன.

இத்தனைக்கும் நடுவே பழைய பட்டறை மரபு அழிந்துவிடவில்லை. 1947 முதல் 1950 களின் நடுப்பகுதி வரை வந்த செவர்லட் அரைத்தொன் பிக்கப்பின் முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 116 அங்குலம். 1970 களில் வந்த அதே நிறுவனத்தின் நான்குசக்கர விசைக் குறும்பெட்டிப் பிக்கப்பில் அது 117.5 அங்குலம். ஒன்றரை அங்குல வேறுபாடுதான். துருப்பிடித்த பழைய உடலின் தரைத்தகட்டை வெட்டி ஒட்டி, இந்தப் புதிய செசியின் மீது இருத்திவிடுகிறார்கள். பழைய முகம், நம்பகமான பிறேக், நான்கு சக்கரங்களிலும் விசை. அசல் வண்டியைக் கெடுத்துவிட்டார்கள் என்று சேகரிப்பாளர்கள் வருந்துவதுண்டு. பற்றைக்குள் உக்கிக்கொண்டிருந்த ஒன்று மீண்டும் சுமை ஏற்றுகிறதே என்பது பட்டறைக்காரரின் பதில். கெடாமல் நிற்கும் அரிய வண்டியை வெட்டுவது தவறு என்றே நானும் கருதுகிறேன். ஆனால், உக்கிப்போனதை உயிர்ப்பிப்பதும் வரலாற்றைக் காப்பதன் ஒரு வகையே.

இம்மரபின் மீது எனக்குள்ள மதிப்புக்கு எமது மண்ணும் ஒரு காரணம். 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதாகியபோது, பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள் எங்கள் கராஜ் தொழிலாளர்கள். நோயாளரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவை அவ்வண்டிகளே. அந்நுட்பத்தை முதலிற் செய்து காட்டியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. மினியாப்பொலிசில் நாப்கோ தொகுதியை வாங்கித் தன் கையாற் பூட்டிய ஊர்ப் பட்டறைக்காரரின் பெயரும் அவ்வாறே.

ஒரு வண்டி உயர்ந்து நிற்பதைக் கண்டால், அது எதனைக் கடப்பதற்காக உயர்த்தப்பட்டது என்று கேட்கலாம். பனியும் சேறும் பாறையும் விடையாக வருமாயின், அவ்வுயரம் ஒருவரின் உழைப்பிலிருந்து வந்தது. விடை எதுவும் இல்லையெனில், அதன் விலையைச் செலுத்தப்போகிறவர் பெரும்பாலும் பக்கத்துச் சிறிய காரில் இருப்பவரே.